கோரலைன் திரைப்படம்: உயர்தெளிவுப் பதிப்புகளும் மூலபாடச் சிக்கலும்

ஓலைச்சுவடிகளைப் பெயர்த்தெழுதும்போது பாடவேறுபாடுகள் தோன்றுவதைப் பதிப்பாசிரியர்கள் நன்கறிவர். திரைப்படமும் திரையரங்கிலிருந்து இல்லத்திரைக்குப் பெயரும்போது அத்தகைய வேறுபாடுகளைப் பெறுகிறது. உரையாடல் மாறுவதில்லை, காட்சி குறைவதில்லை, ஆகவே வேறுபாடு எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஹென்றி செலிக் இயக்கத்தில் 2009-இல் வெளிவந்த ‘கோரலைன்’ என்னும் ஸ்டாப் மோஷன் படம் இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டுகிறது. இதன் உயர்தெளிவுப் பதிப்புகளுள் எதனை மூலபாடமாகக் கொள்வது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நீல் கெய்மன் 2002-இல் எழுதிய சிறுவர் புதினத்தைத் தழுவி, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள லைக்கா நிறுவனம் இப்படத்தை உருவாக்கியது. பழைய வீடொன்றுக்குக் குடிவரும் கோரலைன் என்னும் சிறுமி, சுவரிலுள்ள சிறு கதவின் வழியே தன் வீட்டைப் போன்ற இன்னொரு வீட்டை அடைகிறாள். அங்கே அன்பு பொழியும் மாற்றுத்தாய் இருக்கிறாள். அவள் கண்கள் கரிய பொத்தான்கள். சிறுமியின் கண்களிலும் பொத்தான் தைத்துக்கொள்ள இசைந்தால் அங்கேயே தங்கலாம் என்பது அவள் விதிக்கும் நிபந்தனை. அச்சத்தின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கைச் சுட்டும். இறை என்பதைப் பெற்றோர்க்கும் விரித்துக்கொள்ளலாமெனின், மாற்றுத்தாய் இவற்றுள் முதலதும் இறுதியதும் ஓருருவில் கலந்தவள் எனலாம்.

இவ்வச்சத்தைப் படம் கதையால் மட்டும் எழுப்பவில்லை. முழுவதும் முப்பரிமாணத்திலேயே படமாக்கப்பட்ட முதல் ஸ்டாப் மோஷன் முழுநீளப் படம் இது. நடிகர் அசைந்துகொண்டிருக்கும் படங்களில் முப்பரிமாணத்திற்கு இரு ஒளிப்பதிவுக் கருவிகள் ஒருங்கே இயங்க வேண்டும். பாவை அசையாது நிற்பதால் இங்கு ஒரு கருவியே போதும்: இடக்கண்ணுக்குரிய படத்தை எடுத்தபின் கருவியைச் சிறிதளவு நகர்த்தி வலக்கண்ணுக்குரியதை எடுப்பர். பாவை ஓரடிக்கும் குறைந்த உயரமுடையதாதலால் நகர்த்தும் தொலைவும் மிகச் சிறியது. 100 நிமிடப் படம் நொடிக்கு 24 சட்டகம் என ஓடின் 1,44,000 சட்டகங்களாகும். இரு கண்களுக்குமாகச் சேர்த்தால் 2,88,000.

இவ்வுழைப்பின் பயன் சமையலறைக் காட்சிகளில் விளங்கும். கோரலைனின் மெய்யுலகச் சமையலறையும் மாற்றுலகச் சமையலறையும் அமைப்பால் இணையானவை. ஒன்று மங்கிய நிறமுடையது. மற்றது செழுமையான வண்ணமுடையது. நிறத்தோடு நின்றுவிடாமல், மெய்யுலக அறைகள் ஆழம் குறைவாகவும் தளம் சரிவாகவும் நெருக்கிக் கட்டப்பட்டன. மாற்றுலக அறைகள் உண்மையான ஆழத்தோடு அமைக்கப்பட்டன. ஒற்றைக் கண்ணால் நோக்கின் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றும். இரு கண்ணாலும் நோக்கும்போதுதான் முன்னது மூச்சுமுட்ட வைப்பதும் பின்னது மனத்தை விரியச் செய்வதும் புலனாகும். அவ்விரிவே பொறி. சிறுமியை ஈர்ப்பது எதுவோ அதுவே பார்வையாளரையும் ஈர்க்க வேண்டும் என்பதே படத்தின் திட்டம். ஆழம் இங்கு அணியன்று, பொருள்.

பதிப்புகளை இந்நோக்கில் அணுகின் அவற்றின் தரவரிசை தலைகீழாகிறது. 2009-இல் வந்த இல்லப் பதிப்பு, முப்பரிமாணத்திற்குப் பச்சையும் மெஜந்தாவும் கொண்ட வண்ணக் கண்ணாடியை நம்பியது. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு வண்ணத்தை வடிகட்டி அனுப்பும் இம்முறை ஆழத்தைத் தந்து நிறத்தைச் சிதைத்தது. வழக்கமான 1920 × 1080 படப்புள்ளி இருபரிமாணப் பதிப்போ நிறத்தைக் காத்து ஆழத்தை விட்டது. பின்னர் வந்த புளூ-ரே 3டி வட்டு இரண்டையும் காத்தது. 2022-இல் வெளியான 4கே வட்டின் தெளிவு 3840 × 2160 படப்புள்ளிகள். ஒளி-இருள் வேறுபாட்டின் வீச்சும் இதில் மிகுதி. ஆயினும் 4கே வட்டின் தொழில்நுட்ப வரையறையிலேயே முப்பரிமாணத்திற்கு இடமில்லை. மிகத் தெளிந்த பிரதியே ஆழத்தை முற்றும் இழந்த பிரதியுமாகிறது. திருத்தமான கையெழுத்தில் எழுதப்பட்டுச் சில ஏடுகள் விடுபட்ட சுவடிக்கு இதனை ஒப்பிடலாம்.

இதனால் 4கே பதிப்பு பயனற்றதாகிவிடாது. இப்படத்தில் பாவையின் முகம் புருவப் பகுதி, வாய்ப் பகுதி என இரண்டாக முப்பரிமாண அச்சு முறையில் செய்யப்பட்டது. பகுதிகளை மாற்றிமாற்றிப் பொருத்தியதால் கோரலைனுக்கு மட்டும் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட முகபாவச் சேர்க்கைகள் கிட்டின. கண்களின் ஊடே செல்லும் பிளவுக்கோட்டைக் கணினியில் அழித்தனர். இம்முடிவு பொதுவிதியன்று. அதே ஆண்டில் வந்த வெஸ் ஆண்டர்சனின் ‘ஃபென்டாஸ்டிக் மிஸ்டர் ஃபாக்ஸ்’ கலைஞரின் கைபட்டுப் பாவையின் மயிர் சிலிர்ப்பதை வேண்டுமென்றே விட்டுவைத்தது. 2015-இன் ‘அனோமலீசா’ முகப் பிளவையே மறைக்கவில்லை. கோரலைன் முகத்தில் கையின் சுவட்டை நீக்கினும் துணியிலும் மரத்திலும் காத்தது. சிறுமியின் பின்னலாடை, மிக நுண்ணிய ஊசிகளால் கையாலேயே பின்னப்பட்டது. மரங்களின் இளஞ்சிவப்புப் பூக்கள் வண்ணம் தீட்டிய சோளப்பொரி. இத்தகைய இழையும் பரப்பும் உயர்தெளிவில்தான் ஆய்வுக்கு எட்டும்.

படத்தின் தொடக்கமே கையைப் பற்றியது என்பதும் கருதத்தக்கது. ஊசிகளாலான கை ஒன்று பழைய பொம்மையைப் பிரித்து, திணிப்பை அகற்றி, புதிதாய் நிரப்பி, கோரலைனின் சாயலில் தைத்துப் பொத்தான் கண் பொருத்துகிறது. பாவை செய்யும் கலைஞரின் தொழிலையே படம் தன் கொடிய பாத்திரத்திற்கு அளித்திருக்கிறது. பின்னர்ச் சிறுமி மாற்றுலகத் தோட்டத்தைக் கடந்து நடக்கையில் மரங்கள் மறைந்து வெண்மை மட்டும் எஞ்சுகிறது. செட்டு முடியும் இடத்தில் உலகமும் முடிந்துவிடுகிறது. முப்பரிமாணத்தில், அதுவரை ஆழமாக விரிந்த இடம் பற்றுக்கோடின்றிப் போவதைக் கண் உணரும். இருபரிமாணத்தில் அது வெறும் வெண்திரை.

ஆழத்தைக் காத்த பதிப்பு அருகி வருகிறது. 3டி தொலைக்காட்சி உற்பத்தியைப் பெருநிறுவனங்கள் 2017-ஆம் ஆண்டளவில் கைவிட்டன. வட்டு கிடைப்பினும் அதனைக் காட்டும் கருவி அரிது. 2024-இல் படம் 3டியில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளுக்குத் திரும்பியபோதுதான் புதிய பார்வையாளர் பலர் அச்சமையலறைகளின் வேறுபாட்டைக் காண முடிந்தது. இப்படத்தின் இடவமைப்பைப் பற்றி எழுதுவோர் தாம் கண்டது எப்பதிப்பு என்பதை ஆண்டு, வடிவம், பரிமாணம் ஆகியவற்றோடு குறித்தல் வேண்டும். இருபரிமாணப் பிரதியை மட்டும் கண்டு, இரு வீடுகளும் நிறத்தாலேயே வேறுபடுகின்றன என்று முடிவுசெய்தால், அது படத்தைப் பற்றிய கூற்றாகாது. அப்பிரதியைப் பற்றிய கூற்றாகவே நிற்கும்.