தாயக் கணக்கு

தேனி முதல் கூடலூர் ஈறாகக் கம்பம் பள்ளத்தாக்கின் திண்ணைகளில் தாயம் பயிலப் புகுவோர், முதற்காய் இறங்காமையால் மனமுடைந்து எழுதலைப் பன்முறை கண்டுள்ளேன். என் தங்கையும் அவர்களுள் ஒருத்தி.

பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் வெறுமை, 1, 2, 3 என நான்கு முகங்கள். எல்லா முகமும் ஒப்ப விழுமெனின், விழும் வகை 16. காயிறக்கும் தாயமாகிய ஒன்று அவற்றுள் 2. அஃதாவது எட்டிலொரு பங்கு. எட்டுமுறை உருட்டியும் அது தோன்றாதிருத்தல் மூன்றிலொரு பங்கினும் சற்று மிகும். பாவம், அவள் கண்ணீர் வியப்பன்று!

இனித் திறமை. ஓருருட்டில் மூன்று விழும் வகை 4. ஆறு விழும் வகை 1. ஆதலின் பகைக்காய்க்கு மூன்று கட்டம் முன்னே நிற்றலினும் ஆறு கட்டம் முன்னே நிற்றல் நன்று. இதனை அறிந்த மாலையே தங்கை என் காயை மும்முறை வெட்டினாள்.