திருத்தம் பற்றிய உருவகங்களும் நன்னூலின் பத்துக் குற்றங்களும்

எழுத்தைத் திருத்துவது பற்றிப் பேசும் படைப்பாளர் இன்று மிகுதியும் கையாளும் உருவகம் 'செதுக்குதல்' என்பதாகும். 'பட்டை தீட்டுதல்' அதனை அடுத்து நிற்பது. இரண்டும் கல்லினின்று பிறந்தவை. இரண்டிலும் நிகழ்வது நீக்கம் மட்டுமே. இவை திருத்தத்தின் எப்பகுதியைக் காட்டுகின்றன, எதனை மறைக்கின்றன என்பதை நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பவணந்தியார் பொதுப்பாயிரத்தில் தொகுத்துள்ள குற்றங்களுள் மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் ஆகிய மூன்றையும் உளி களைந்துவிடும். குன்றக் கூறலுக்கு உளியால் பயனில்லை. அங்கு வேண்டுவது சேர்க்கை. மயங்க வைத்தலுக்குப் பெரும்பாலும் இடமாற்றம் வேண்டும். மாறுகொளக் கூறலோ எழுத்தில் தோன்றினும் சிந்தனையில் வேர்கொண்டது. ஆசிரியர் தம் கருத்தையே மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். சென்று தேய்ந்து இறுதல் என்னும் குற்றத்திற்குப் பட்டை தீட்ட முற்படின், தேய்ந்தது மேலும் தேயும். திருத்தம் என்றாலே சுருக்கம் எனக் கருதும் போக்கிற்கு இக்கல் உருவகங்களும் ஒரு காரணம் எனலாம்.

நன்னூல் தரும் உருவகங்கள் வேறு வகையின. நூல் முடியும் முறைக்கு நூற்றல் தொழிலையும், நூலின் பயனுக்குத் தச்சரின் எற்றுநூலையும் அது காட்டுகிறது. பின்னது மாந்தரின் மனக்கோட்டம் தீர்வதைக் குறித்ததே. எனினும் எழுதியவர் தம் படைப்பை நோக்கும் நிலைக்கும் அதனை விரித்துக் கொள்ள இடமுண்டு. எற்றுநூல் மரத்தை வெட்டுவதில்லை. கோணல் எங்குள்ளது என்று கோடிட்டுக் காட்டுகிறது; வெட்டுவது வாய்ச்சி. குற்றத்தைக் காணலும் களைதலும் இரு வேறு செயல்கள் என்னும் இவ்வேறுபாடு, செதுக்குதல் என்னும் சொல்லில் புலப்படுவதில்லை.

'திருத்து' என்னும் வினையோ நிலத்திற்கும் உரியது. காடு திருத்துவோர் புதரை நீக்குவதோடு நில்லாமல் மேட்டு மண்ணைப் பள்ளத்தில் நிரப்புவர், வரப்பிடுவர், எருவிடுவர். நீக்கம், இடமாற்றம், சேர்க்கை மூன்றும் இதனுள் அடங்குகின்றன. ஆதலின் குன்றக் கூறலையும் மயங்க வைத்தலையும் விளக்க, அன்றாடம் வழங்கும் இச்சொல்லே கல் உருவகங்களினும் ஏற்றது. வழூஉச்சொற் புணர்த்தலுக்கு மட்டும் எற்றுநூலே பொருந்தும். சொல்வழுவை வழுவென்று காட்ட இலக்கணம் என்னும் புற அளவை வேண்டும்.