மலையிடுக்கில் ஓடும் ஒடுங்கிய புகையிரதப் பாதை
(பௌதிகச் சூழலும் போக்குவரத்தும்)

புகையிரதப் பாதை பற்றிய வினாவுக்கு நீளம், ஆண்டு, இடப்பெயர் ஆகியவற்றை மாத்திரம் எழுதினால் விடை முழுமை பெறாது. "ஏன் அங்கே? ஏன் அவ்வாறு?" என்பதையும் நீங்கள் விளக்க வேண்டும். இதற்குச் சிறந்த உதாரணம் ஐக்கிய அமெரிக்காவின் டுராங்கோ - சில்வர்டன் பாதையாகும்.

1. அமைவிடமும் நோக்கமும்

இப்பாதை கொலராடோ மாநிலத்தில், றொக்கி மலைத்தொடரின் ஒரு பகுதியான சான் வான் மலைகளில் அமைந்துள்ளது. அங்கு அகழப்பட்ட வெள்ளி, பொன் தாதுக்களைக் கீழே கொண்டுவருவதற்காக 1881 - 1882இல் இது அமைக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 72 கி.மீ. டுராங்கோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1990 மீற்றர் உயரத்திலும், சில்வர்டன் ஏறத்தாழ 2840 மீற்றர் உயரத்திலும் உள்ளன.

கணித்துப் பாருங்கள்: உயர வேறுபாடு 850 மீற்றர். 850 ÷ 72 = ஏறத்தாழ 12. அதாவது ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் சராசரியாக 12 மீற்றர் ஏற்றம். இவ்வளவு உயர்ந்த மலைகளில் ஏற்றம் இப்படிக் குறைவாக இருப்பதற்குக் காரணம், பாதை அனிமாஸ் ஆற்றைப் பின்பற்றிச் செல்வதேயாகும். மலையை ஆறு முன்பே அரித்து வழி அமைத்துவிட்டது.

2. பாதை ஏன் ஒடுங்கியது?

தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம் இங்கு 914 மி.மீ. மட்டுமே. உலகின் நியம அளவு 1435 மி.மீ.; இலங்கையின் அகலப் பாதை 1676 மி.மீ.

நன்மைகள்:
(அ) கூர்மையான வளைவுகளில் செல்லலாம். எனவே ஆற்றின் வளைவுகளை ஒட்டியே பாதையை அமைக்கலாம்.
(ஆ) பாறையில் வெட்டவேண்டிய விளிம்பின் அகலம் குறைவு. ஆகவே வெடிமருந்து, உழைப்பு, செலவு யாவும் குறையும்.

தீமைகள்:
(அ) வேகமும் சுமையளவும் குறைவு.
(ஆ) வேறு அளவுப் பாதையைச் சந்திக்கும் இடத்தில் பொருள்களை இறக்கி ஏற்ற வேண்டும்.

இலங்கையில் களனிப் பள்ளத்தாக்குப் பாதையும் முன்னர் 762 மி.மீ. அளவில் இருந்து, 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டதை நினைவிற் கொள்க.

3. பயணத்தில் நீங்கள் காண்பவை

டுராங்கோவிலிருந்து புறப்பட்டதும் பண்ணை நிலங்கள் நிறைந்த அகன்ற பள்ளத்தாக்கைக் காண்பீர்கள். றொக்வூட் என்னும் இடத்தைத் தாண்டியதும் பாறைகள் இருபுறமும் நெருங்கும். பின்னர் வண்டி செங்குத்துப் பாறையில் வெட்டப்பட்ட விளிம்பில் மெல்ல ஊர்ந்து செல்லும். வலப்பக்க யன்னலால் பார்த்தால் ஆறு நேர் கீழே, பல நூறு அடி ஆழத்தில் தெரியும். நெடுஞ்சாலை இம்மலையிடுக்கினுள் நுழையாது வேறு வழியாகக் கணவாய்களைக் கடக்கிறது. குளிர்காலத்தில் பனிச்சரிவு ஆபத்து உள்ளமையால் வண்டி சில்வர்டன் வரை செல்வதில்லை. கோடையில் முழுத் தூரத்தையும் ஏற ஏறத்தாழ 3½ மணித்தியாலம் எடுக்கும். சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. மட்டுமே.

4. நீராவி எஞ்சின்

இங்கு ஓடும் பெரிய எஞ்சின்களில் பல 1923இலும் 1925இலும் தயாரிக்கப்பட்டவை. எரிபொருளின் இரசாயன சக்தி வெப்ப சக்தியாகிக் கொதிகலனின் நீரை நீராவியாக்கும். நீராவியின் அமுக்கம் உருளையினுள் முசலத்தைத் தள்ள, சக்கரங்கள் சுழலும். நீர் குறைவதால் வழியில் வண்டியை நிறுத்தி நீர் நிரப்புவர்.

5. பயன் மாறியது; விலை மீதமாகியது

1893இல் வெள்ளி விலை வீழ்ந்தது. எனினும் சுரங்கத் தொழில் பல தசாப்தங்கள் நீடித்து, சில்வர்டன் பகுதியின் கடைசிப் பெருஞ்சுரங்கம் 1991இல் மூடப்பட்டது. தாது குறைந்துவந்த காலத்தில் இப்பாதையைக் காப்பாற்றியது அதன் இயற்கைக் காட்சியே. இன்று இது சுற்றுலாவுக்காகவே இயங்குகிறது.

ஆயினும் இரு நிகழ்வுகளை நீங்கள் மறத்தலாகாது.

(அ) 2015 ஓகஸ்ட் 5ஆந் திகதி, கைவிடப்பட்ட கோல்ட் கிங் சுரங்கத்தில் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் பணிகள் நடைபெற்றபோது ஏறத்தாழ 3 மில்லியன் கலன் கழிவுநீர் வெளியேறியது. அனிமாஸ் ஆறு செம்மஞ்சள் நிறமானது.

(ஆ) 2018 யூன் மாதத்தில் பாதையருகே காட்டுத்தீ மூண்டு ஏறத்தாழ 54,000 ஏக்கரை எரித்தது. நிலக்கரி எஞ்சினின் தீப்பொறியே காரணம் எனக் கூறி மத்திய அரசாங்கம் வழக்குத் தொடர்ந்தது. 2022இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி புகையிரதக் கம்பனி 20 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. தீயின் பின்னர் எஞ்சின்கள் எண்ணெய் எரிப்பனவாக மாற்றப்பட்டன.

சுரங்கம் மூடப்பட்டாலும் அதன் நஞ்சு ஆற்றில் கலக்கலாம். காட்சியை நம்பி ஓடும் வண்டியே அக்காட்சிக்கு ஆபத்தாகலாம். வளத்தைப் பயன்படுத்தியவர் காலம் முடிந்த பின்னரும் சூழல் அதன் விலையைச் செலுத்துகிறது என்பதே இப்பாடத்தின் மையக் கருத்தாகும்.

மாதிரி வினா

டுராங்கோ - சில்வர்டன் பாதையை உதாரணமாகக் கொண்டு, தரைத்தோற்றம் போக்குவரத்தில் செலுத்தும் செல்வாக்கை விளக்குக.

விடைக் குறிப்பு: ஆற்றுவழி - குறைந்த ஏற்றம்; ஒடுங்கிய பாதை - கூர்மையான வளைவு, குறைந்த செலவு; பனிச்சரிவு - பருவகாலத் தடை. ஒவ்வொரு குறிப்புடனும் "ஏனெனில்" என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தைச் சேர்த்து எழுதுங்கள். காரணம் சேரும்போதுதான் தகவல் விடையாகிறது.