வனக் கொள்கையில் கிராம சபைக்கு என்ன இடம்?

கேள்வி: ராஜபாளையம் பக்கம் மலையடிவாரத்தில் எனக்கு மாந்தோப்பு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு நிதியில் எங்கள் ஊரில் வனக் குழு அமைத்தார்கள். திட்டம் முடிந்தது, குழுவும் கூடுவதில்லை. கொள்கை டெல்லியில் தயாராகிறது, பணம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எங்களுக்கும் மலையில் வாழும் பளியர்களுக்கும் இதில் என்ன இடம்?
– ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: உங்களுக்கான இடத்தைச் சட்டமே கொடுத்திருக்கிறது. கிராம சபைதான் அது.

சுற்றுச்சூழல் சமநிலையைக் காப்பதே முதல் நோக்கம், வருமானம் பிறகுதான் என்று 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை சொன்னது; மக்கள் பங்கேற்பையும் வலியுறுத்தியது. 1990-இல் கூட்டு வன மேலாண்மைக்கான வழிகாட்டுதல் வந்தது. தமிழகத்தில் அது ஊர் ஊராகப் பரவியது, 1997-இல் ஜப்பான் கடனுதவியுடன் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தால்தான். கிராம வனக் குழுக்களும் தடுப்பணைகளும் கசிவுநீர்க் குட்டைகளும் அப்படி வந்தவையே. அந்த வேலைகளின் பயனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அரசாணையும் திட்ட நிதியும் தாங்கிய குழுக்கள் அவை. நிதி நின்றதும் தளர்ந்துபோவது இயல்பு.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அப்படியல்ல; எந்தத் திட்டம் முடிந்தாலும் அது நிற்கும். தேன், கடுக்காய், நெல்லிக்காய் போன்ற சிறு வனப்பொருட்களை எடுத்து விற்கவும், வழிவழியாகப் புழங்கிய காட்டைக் காத்து நிர்வகிக்கவும் அது உரிமை தருகிறது. மனுவைப் பெற்று முதலில் தீர்மானிப்பது கிராம சபை. 2008-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே பட்டா வழங்குவது தடைபட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. எட்டு ஆண்டுகள் வீணாயின. செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில் பகுதிப் பளியர்களுக்கு இந்தச் சட்டமே பெரிய பிடிமானம்.

2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இத்தகைய காப்பகங்களின் வெளிவட்ட எல்லையைக் கிராம சபைகளைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும் என்கிறது வன உயிரினச் சட்டம். உங்களைப் போன்ற தோப்புக்காரர்களின் ஒத்துழைப்பு இல்லாமல் இந்த மலையைக் காக்கவும் முடியாது. 1988-இல் இங்கே சரணாலயம் அமைக்கக் காரணமான சாம்பல் நிற அணில், கிளைக்குக் கிளை தாவி வாழ்வது. அடிவாரத் தோப்புகளிலும் கூடு கட்டுகிறது. தோப்பு அழிந்தால் அதன் பாதை அறுந்துபோகும்.

வெளிநாட்டுக் கூட்டுறவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயமும் ஒன்று. அந்த அங்கீகாரம் நமக்குப் பலம். காடு பராமரிப்பில் நேபாளத்துக்கும் பல நாடுகள் உதவின. ஆனால் அங்கே 1993-ஆம் ஆண்டின் சட்டம் வனப் பயனர் குழுக்களுக்குச் சுயேச்சையான சட்டத் தகுதி தந்தது. இன்று 20,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் அங்கே காடுகளைப் பராமரிக்கின்றன. உரிமை வேரூன்றிய இடத்தில்தான் உதவிப் பணமும் நிலைத்த பயன் தரும்.

நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று. உங்கள் ஊராட்சியில் வன உரிமைக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கிராம சபையில் அமைக்கச் சொல்லுங்கள். புதிய நிதித் திட்டம் எது வந்தாலும் அதன் திட்ட அறிக்கையைத் தமிழில் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2018-இல் வெளியான புதிய வனக் கொள்கை வரைவு, காடு வளர்ப்பில் தனியாரைச் சேர்ப்பதாகச் சொன்னதால் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அப்படி ஒரு வரைவு மீண்டும் கருத்துக்கு வந்தால், உங்கள் சபையின் தீர்மானத்தை அமைச்சகத்துக்கு அனுப்புங்கள்.

இவற்றைப் பளியர்களோடு சேர்ந்தே செய்யுங்கள். உங்கள் தோப்புக்குள் யானை வருவதும் அவர்களுக்குத் தேன் குறைவதும் ஒரே காட்டின் பிரச்சினைகள். ஒரே தீர்மானத்தில் இரண்டையும் எழுதலாம்.