பயணத்தில் காய்ச்சல்: டெங்குப் பரிசோதனையை எந்த நாளில் செய்வது?

மழைக்காலத்து வெள்ளிக்கிழமை இரவு ஒன்றில், விமான நிலையத்திலிருந்து நேராக எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஒருவரை அழைத்து வந்தனர். வயது ஐம்பத்திரண்டு. மனைவியுடனும் உறவினர்களுடனும் மலேசியா, தாய்லாந்து நாடுகளுக்குப் பன்னிரண்டு நாள் சுற்றுலா சென்று திரும்பியவர். அப்போது அவருக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் கைகால்கள் சில்லிட்டிருந்தன. வயிற்றைத் தொடவே விடவில்லை. விமானத்தில் நான்கு முறை வாந்தி எடுத்திருந்தார். மனைவியின் கைப்பையில் முந்தைய நாள் அங்கே ஒரு மருத்துவகத்தில் வாங்கிய அறிக்கை இருந்தது. என்.எஸ்.1 பரிசோதனை, முடிவு நெகட்டிவ். “டெங்கு இல்லை என்றுதானே சொன்னார்கள், டாக்டர்?” என்று அவர் மீண்டும் மீண்டும் கேட்டார்.

அந்த அறிக்கையில் பிழை ஏதும் இல்லை. அந்தப் பரிசோதனைக்கு உரிய நாள் கடந்துவிட்டிருந்தது, அவ்வளவே. அவருக்கு இருந்தது டெங்குவேதான். வெப்பமண்டல நாடுகளுக்குச் செல்லும் நம் வாசகர்கள் பலருக்கும் இது நேரக்கூடும் என்பதால், இதனைச் சற்று விரிவாக விளக்க வேண்டியுள்ளது.

காய்ச்சல் தொடங்கிய நாள்

டெங்குவைப் பொறுத்தவரை எல்லாக் கணக்கும் காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்தே தொடங்குகிறது. அந்த நாளை முதல் நாள் எனக் கொள்ள வேண்டும். நம் நோயாளிக்குச் சுற்றுலாவின் ஏழாம் நாளான ஞாயிறு மாலை குளிர்க்காய்ச்சல் கண்டது. திங்கள் முதல் புதன் வரை, குழுவினரின் பயணம் தம்மால் தடைபடக் கூடாது என்று வலி மாத்திரைகளை விழுங்கிக்கொண்டே கோயில்களையும் கடற்கரைகளையும் பார்த்து வந்திருக்கிறார். வியாழனன்று, அதாவது காய்ச்சலின் ஐந்தாம் நாளில்தான், மருத்துவகத்துக்குச் சென்றார்.

இந்த நாட்கணக்கிலிருந்து இன்னொன்றையும் அறியலாம். டெங்கு வைரஸைச் சுமந்த ஏடிஸ் கொசு கடித்தபின், பெரும்பாலும் 4 முதல் 10 நாள்களுக்குள் காய்ச்சல் வரும். எனவே அவரைக் கொசு கடித்தது சுற்றுலாவின் முதல் மூன்று நாள்களிலாக இருக்கலாம். புறப்படுவதற்கு முன் நம் ஊரிலேயே, அவர் வீட்டு மொட்டைமாடியிலேயே கூட நேர்ந்திருக்கலாம். சென்ற நாட்டின் மீது மட்டும் பழி போடுவதற்கில்லை. அதே கணக்கை மறுபுறமும் பார்க்கலாம்: ஊர் திரும்பிப் பதினான்கு நாள்களுக்குப் பின் தொடங்கும் காய்ச்சலுக்கு அந்தப் பயணத்தில் தொற்றிய டெங்கு காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதற்குள் தொடங்கினால், பயணம் முடிந்த கதை என்று எண்ணாமல் சென்ற நாடுகளின் பெயர்களை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எந்த நாளில் எந்தப் பரிசோதனை

என்.எஸ்.1 என்பது டெங்கு வைரஸின் புரதம். வைரஸ் பெருகும் முதல் சில நாள்களில் அது இரத்தத்தில் மிகுந்திருக்கும். ஆகவே காய்ச்சலின் முதல் நாளிலிருந்து நான்கைந்து நாள்கள் வரை இப்பரிசோதனை மிகவும் பயனுடையது. பி.சி.ஆர். எனப்படும் மரபணுப் பரிசோதனையும் இந்தக் காலத்துக்கே உரியது. அதன்பின் உடலின் எதிர்ப்பாற்றல் வைரஸை அழிக்கத் தொடங்குவதால் என்.எஸ்.1 குறைந்து மறைகிறது.

ஏறக்குறைய அதே வேளையில், நான்காம் அல்லது ஐந்தாம் நாளிலிருந்து, ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் தோன்றுகிறது. ஒன்று மறைந்து மற்றொன்று தோன்றும் இந்த இடைவெளியில் ஒரே ஒரு பரிசோதனை மட்டும் செய்தால் நோய் கண்ணில் படாமல் நழுவிவிடலாம். ஐந்தாம் நாளையொட்டிச் செல்பவர்கள் என்.எஸ்.1, ஐ.ஜி.எம். இரண்டையும் சேர்த்துச் செய்யும்படி கேட்பது நல்லது. இரண்டும் நெகட்டிவ் என வந்து, காய்ச்சலோ சோர்வோ நீடித்தால், இரண்டொரு நாள் கழித்து ஐ.ஜி.எம்.மை மறுபடியும் பார்க்க வேண்டும்.

முன்பே ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை வந்து குணமானவருக்கு வேறொரு வகை தொற்றும்போது, பழைய எதிர்ப்பொருள்கள் விரைந்து பெருகி என்.எஸ்.1 புரதத்தை மறைத்துவிடுகின்றன. பரிசோதனை முன்னதாகவே நெகட்டிவ் ஆகிவிடக்கூடும். இத்தகைய இரண்டாம் தொற்றில்தான் நோய் கடுமையாகும் அபாயமும் அதிகம். நம் நோயாளிக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் டெங்கு வந்திருந்தது. அதை அவர் அங்கே சொல்லவில்லை. அங்கிருந்தவர்கள் கேட்கவும் இல்லை.

பயணத்தில் பெரும்பாலும் கிடைப்பது கால்மணி நேரத்தில் முடிவு தரும் அட்டைப் பரிசோதனை. அது பாசிட்டிவ் எனக் காட்டினால் டெங்கு என்றே கருதி நடந்துகொள்வது தகும். நெகட்டிவ் எனக் காட்டினால் அதை மட்டும் நம்பி நிம்மதி அடையக் கூடாது. நம் நாட்டு அரசு வழிகாட்டுதலும் எலிசா முறையில் செய்த என்.எஸ்.1, ஐ.ஜி.எம். பரிசோதனைகளையே உறுதிப்பாட்டுக்கு ஏற்கிறது. ஆகவே அறிக்கையில் ‘அட்டை’யா ‘எலிசா’வா என்று குறிக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்.

ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளுக்காக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் அதையும் தெரிவிக்க வேண்டும். இந்த வைரஸ்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; அத்தடுப்பூசியோ ஜிகா தொற்றோ டெங்கு எதிர்ப்பொருள் பரிசோதனையில் பொய்யான பாசிட்டிவ் காட்டக்கூடும். மலேரியா உள்ள பகுதிகளுக்குச் சென்றிருந்தால், டெங்கு முடிவு எதுவாயினும், மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

டெங்குப் பரிசோதனை கிடைக்காத இடத்தில்

சிறு தீவிலோ மலையூரிலோ என்.எஸ்.1 கிடைக்காமல் போகலாம். அங்கும் முழு இரத்த அணுக்கள் எண்ணிக்கை பெரும்பாலும் செய்ய இயலும். என் கருத்தில், பயணிக்கு அதுவே மிகவும் உதவும் பரிசோதனை. டெங்குவில் முதலில் வெள்ளணுக்கள் குறையும். பின்னர் தட்டணுக்கள் குறையும். மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது, நம் அறிக்கைகளில் பி.சி.வி. என்று அச்சிடப்படும் எண். இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு என்பதை அது காட்டுகிறது. டெங்கு கடுமையாகும்போது நுண்குழாய்களின் சுவர் வழியே இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து வெளியேறும், எஞ்சிய இரத்தம் கெட்டியாகும், பி.சி.வி. உயரும். நம் நோயாளியின் பழைய உடல்நலப் பரிசோதனையில் 43 ஆக இருந்த அந்த எண் அன்றிரவு 53 ஆக இருந்தது. தட்டணுக்கள் 38,000.

குடும்பத்தார் எல்லாரும் தட்டணுக்களைப் பற்றியே கேட்டனர். உறவினர் ஒருவர் பப்பாளி இலைச்சாற்றுக்கு ஆள் அனுப்பிவிட்டார். அக்கறை புரிகிறது. ஆயினும் அன்றிரவு எங்களைக் கவலையுறச் செய்தது 53 என்ற எண்ணே. சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், தட்டணுக்கள் 20,000க்கும் கீழே போன, ஆனால் இரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்குத் தட்டணு ஏற்றியதால் இரத்தக்கசிவு குறையவில்லை என்று தெரியவந்தது. நம் நோயாளிக்கும் தட்டணு ஏற்றவில்லை. அளந்து அளந்து சலைன் ஏற்றி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பி.சி.வி. பார்த்தோம்.

காய்ச்சல் தணியும் நாள்

வெள்ளிக்கிழமை காலை காய்ச்சல் விட்டதும் அவர் மகிழ்ந்திருக்கிறார். விமானம் ஏறலாம் என்று துணிந்திருக்கிறார். டெங்குவில் பலர் ஏமாறுவது இங்கேதான். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். நீர்க்கசிவு நேருமானால் அந்த இறக்கத்தையொட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில்தான் நேரும். அந்த இரண்டு நாள்களில் விமானப் பயணமும் நீண்ட பேருந்துப் பயணமும் வேண்டாம். பயணச்சீட்டை மாற்றப் பணம் செலவாகும். விடுதியில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்க நேரும். நடுவானில் இரத்த அழுத்தம் சரிந்தால் யாராலும் அதிகம் செய்ய இயலாது.

கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், மிகுந்த சோர்வு அல்லது நிலைகொள்ளாமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று பாராமல், பரிசோதனை முடிவுக்கும் காத்திராமல், படுக்கை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அதுவரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவை இரத்தக்கசிவைத் தூண்டக்கூடும். உடல்வலிக்கு இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கத்தையும் இந்நாள்களில் கைவிட வேண்டும். இதயநோய்க்காக அன்றாடம் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் உடனே கேட்க வேண்டும். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக அடிக்கடி பருகலாம். காய்ச்சல் உள்ள நாள்களில் பகலிலும் கொசுவலைக்குள் படுப்பது உடன் வந்தவர்களைக் காக்கும். ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, நோயாளியைக் கடித்த கொசு பிறருக்கும் நோயைப் பரப்பும்.

நம் நோயாளி ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். அவருடைய ஐ.ஜி.எம். பாசிட்டிவ் அறிக்கையின் படி ஒன்றைக் கடவுச்சீட்டு உறைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னோம். அதன் மேற்புறத்தில் காய்ச்சல் தொடங்கிய தேதியையும் முதல் டெங்கு வந்த ஆண்டையும் அவர் மனைவி தம் கையாலேயே எழுதிக்கொண்டார்.