அடை வைப்போம், குஞ்சைக் காப்போம்



இடம்பெயர்வு கொத்மலைக்குப் புதிதல்ல. கொத்மலை ஓயாவை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்காக ஊர்களும் வயல்களும் நீரில் மூழ்கின. அங்கு வாழ்ந்தோர் மகாவலிக் குடியேற்றங்களுக்கும் மேட்டு நிலங்களுக்கும் செல்ல நேர்ந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலுடன் வந்த பெருமழையும் மண்சரிவும் மலைநாட்டில் மீண்டும் பல குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றின.

இழந்த நிலத்துக்கு மாற்று நிலம் கிடைக்கக் காலமெடுக்கும். ஆனால் ஒரு பெட்டைக்கோழிக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டியதில்லை. குடும்பத்தின் கையில் மீண்டும் நாலு காசு புரள அது ஒரு தொடக்கமாகும். பலரும் கோழி வளர்த்தும் பயன் காணாததற்குக் காரணம் முட்டை பொரிக்காதது அல்ல. பொரித்த குஞ்சு பிழைக்காததே. முட்டையைப் பொரிப்பது கோழியின் வேலை. பொரித்தபின் ஆறு வாரம் குஞ்சைக் காப்பது நம் வேலை.

1. முட்டையைத் தெரிவு செய்தல்

கடை முட்டை பொரிக்காது. முட்டைப் பண்ணைகளில் பெட்டைகளோடு சேவல் விடுவதில்லை. ஆகவே அந்த முட்டையில் கரு இல்லை. எட்டு அல்லது பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் உள்ள இடத்து ஊர்க்கோழி முட்டையையே அடை வைக்க வேண்டும்.

நடுத்தர அளவான, வெடிப்பற்ற, சுத்தமான முட்டைகளைச் சேருங்கள். குளிர்ந்த இடத்தில், கூர்முனை கீழே இருக்குமாறு வையுங்கள். ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். முட்டையைக் கழுவக்கூடாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம் நீங்கினால் கிருமி உள்ளே புகும்.

2. அடை வைத்தல்

பழைய கூடை அல்லது வாயகன்ற சட்டியில் சாம்பல் கலந்த மணலைப் போட்டு, மேலே வைக்கோலோ காய்ந்த மானாப்புல்லோ பரப்புங்கள். சாம்பல் பேனையும் உண்ணியையும் குறைக்கும். மழைச் சாரலும் நாயும் எட்டாத இருண்ட மூலையில் அதை வையுங்கள். கோழியின் உடலளவைப் பார்த்து 8 முதல் 12 முட்டை போதும். சிறகுக்கு வெளியே நிற்கும் முட்டை குளிர்ந்து கெடும். இருட்டிய பின் அடை வைத்தால் கோழி அமைதியாகப் படுக்கும்.

நாளுக்கு ஒரு தடவை கோழியை இறக்கி, தீனியும் தண்ணீரும் கொடுத்து, சாம்பலில் புரள விடுங்கள். கால் மணி நேரத்தில் அது திரும்ப வேண்டும்.

ஏழாம் நாள் இரவில், சுருட்டிய கடதாசி வழியாக டோர்ச் வெளிச்சத்தை முட்டையில் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் சிவந்த நரம்பு தெரிந்தால் கரு உண்டு. தெளிவாகத் தெரிவது கூமுட்டை, எடுத்துவிடுங்கள். பதினெட்டாம் நாளுக்குப் பின் கூட்டைத் தொட வேண்டாம். இருபத்தோராம் நாள் குஞ்சு வெளிவரும். ஓட்டை உடைத்து உதவ முயல வேண்டாம்.

3. ஆபத்தான ஆறு வாரங்கள்

பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சட்கரு மீதியிருப்பதால் முதல் நாள் தீனி இல்லையென்று பதற வேண்டாம். அதன்பின் அதற்கு நான்கு எதிரிகள் உண்டு.

குளிர்: நமது பனியிலும் மே முதல் செப்டெம்பர் வரையான மழையிலும் நனைந்த குஞ்சு பிழைப்பது அரிது. இயன்றால் சனவரி முதல் மார்ச் வரையில் பொரிக்குமாறு அடை வையுங்கள். முதல் மூன்று வாரம் தாயையும் குஞ்சுகளையும் உலர்ந்த இடத்தில் அடைத்து வையுங்கள். பனி காயுமுன் வெளியே விட வேண்டாம். தாயில்லாக் குஞ்சுக்கு மின்குமிழ்ச் சூடு கொடுக்கலாம். குஞ்சுகள் ஒன்றாக நெருக்கியடித்தால் சூடு போதாது; விலகி வாய்திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிகுதி. முகாமிலும் லயத்திலும் மண்ணெண்ணெய் விளக்கைப் பயன்படுத்தாதீர்கள், தீ பிடிக்கும்.

பசி: குருணல் அரிசி மட்டும் போதாது. நெத்தலிக் கருவாட்டுத் தூள், தேங்காய்ப் புண்ணாக்கு, கறையான், நறுக்கிய கீரை ஆகியவற்றைச் சேருங்கள். குஞ்சு மட்டும் நுழையக்கூடிய இடைவெளியுள்ள கூடையின் கீழ் தீனியை வைத்தால் தாய் தின்றுவிடாது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டால் குஞ்சு மூழ்காது.

பகைப் பிராணிகள்: பகலில் காகமும் பருந்தும் கீரியும், இரவில் எலியும் மரநாயும் வரும். நெருக்கமான கம்பி வலையும், இரவில் மூடிய கூடும் தேவை.

நோய்: ராணிக்கெட் நோய் வந்தால் ஒரே வாரத்தில் கூடே வெறுமையாகலாம். வந்தபின் மருந்தில்லை, தடுப்பு மருந்து உண்டு. கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. முதல் சொட்டைக் கண்ணில் விடும் நாளையும் அடுத்த தடவைகளையும் உங்கள் பகுதி அரச மிருக வைத்தியரிடம் கேட்டறியுங்கள். செத்த குஞ்சை ஓடையில் எறியாமல் ஆழப் புதையுங்கள்.

4. சேர்ந்து செய்தால்

தடுப்பு மருந்துக் குப்பியொன்றில் பல கோழிகளுக்குப் போதுமான மருந்து இருக்கும். கரைத்தபின் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பத்துக் குஞ்சுக்காக ஒரு குடும்பம் தனியே அதை வாங்குவது வீண். ஆகவே அயலார் சேர்ந்து ஒரே வாரத்தில் அடை வையுங்கள். குஞ்சுகள் ஒரே வயதாயிருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் மருந்து போடலாம். ஒரே இரவில் பொரித்த இரு கோழியின் குஞ்சுகளை ஒரு தாயிடம் சேர்த்தால், மற்றக் கோழி விரைவில் மீண்டும் முட்டையிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. பன்னிரண்டு முட்டையில் ஒன்பது பொரிக்கிறது. மூன்று குஞ்சு பிழைத்தால் தீனிச் செலவே மிஞ்சும். ஏழு பிழைத்தால் விற்கச் சேவலும் உண்டு, அடுத்த அடைக்குப் பெட்டையும் உண்டு. முட்டை அதேதான், கவனம்தான் வேறு.

எருசலேமை எண்ணி வருந்திய இயேசு, குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்க்கும் கோழிக்குத் தம்மை ஒப்பிட்டார். சிதறியவர்களை ஒன்றுசேர்ப்பதே அவர் விருப்பம். சிதறுண்ட நாமும் ஒருவர் குஞ்சை ஒருவர் காக்கப் பழகுவோம்.

கலந்துரையாடுவோம்

1. சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் எத்தனை குஞ்சு பொரித்தது? எத்தனை வளர்ந்தது? இறந்தவை எதனால் இறந்தன?
2. ஒரே வாரத்தில் அடை வைக்க எந்தெந்தக் குடும்பங்கள் சேரலாம்?
3. மிருக வைத்தியரைச் சந்திக்க யார் போவது? எந்த நாள்?