ஆன்லைன் வகுப்புக்கு எதை எடுப்பது?

ஆன்லைனில் பாடம் எடுக்கத் தொடங்கும் ஆசிரியர் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘ஜூம் நல்லதா, மீட் நல்லதா?’ என்றுதான். அதற்குப் பதில் இருக்கிறது, பிறகு வருகிறேன். அதற்கு முன் இரண்டு விவரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். வகுப்பிலேயே மிக எளிய போன் வைத்திருக்கும் மாணவரிடம் இருப்பது என்ன போன்? அது அவருடையதா, அப்பா வேலை முடிந்து வந்த பிறகு கைக்குக் கிடைப்பதா? அடுத்து, வகுப்பு நடக்கும் நேரத்தில் மாணவர் என்ன செய்யப்போகிறார், அவர் செய்ததை நீங்கள் பார்க்க முடியுமா? இவற்றுக்கு விடை எழுதி வைத்துக்கொண்டு கருவிகளைப் பார்த்தால் பாதிக்கு மேல் தாமாகவே கழிந்துவிடும்.

தமிழ்நாட்டில் பள்ளி மேல்வகுப்பு, கல்லூரி, டியூஷன் என்று போனை நம்பிப் படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஆளுக்கொரு மடிக்கணினி உள்ள வகுப்பு என்றால் உங்கள் தெரிவுகள் இன்னும் விரியும்.

முதல் முடிவு, நேரலையா பதிவா என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 600 கிலோபிட் வேகத்தில் வீடியோ வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 270 எம்.பி. செலவாகும். ஒரே போனில் அண்ணனும் தங்கையும் நாளுக்கு மும்மூன்று ஒரு மணி நேர வகுப்புகள் பார்த்தால் 1.6 ஜி.பி. தாண்டும். நாளுக்கு 1.5 ஜி.பி. ரீசார்ஜ் போட்ட வீட்டில் கடைசி வகுப்பு பாதியில் நிற்கும். ஒலி மட்டும் என்றால், நொடிக்கு 80 கிலோபிட் கணக்கில், ஒரு மணி நேரத்துக்கு 36 எம்.பி. போதும். ஆகவே, நீங்கள் மட்டும் பேசப்போகிறீர்கள் என்றால் அதை நேரலையில் செய்ய நியாயமே இல்லை. பதிவு செய்து யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ ஆக, அதாவது லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும்படி, போட்டுவிடுங்கள். மாணவர் வசதிப்பட்ட நேரத்தில் குறைந்த தரத்தில் பார்க்கலாம், நிறுத்தி எழுதிக்கொள்ளலாம், புரியாத இடத்துக்குத் திரும்பிப் போகலாம்.

பதிவு எவ்வளவு நீளம் இருக்கலாம்? பிலிப் குவோவும் அவரது சகாக்களும் 2014-ல் எட்எக்ஸ் தளத்தின் 69 லட்சம் வீடியோ அமர்வுகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர் பார்க்கும் இடைநிலை நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. சிலைடுகளை மட்டும் ஓட்டிய வீடியோக்களைவிட, ஆசிரியர் கையால் எழுதிக்கொண்டே விளக்கியவை மாணவர்களை அதிக நேரம் பிடித்து வைத்தன என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. இது நமக்கு நல்ல செய்தி. விலையுயர்ந்த டேப்லெட் வேண்டாம். போனை ஒரு ஸ்டாண்டில் கவிழ்த்துப் பொருத்தி, கீழே வெள்ளைத்தாள் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினாலே போதும். 40 நிமிடப் பாடத்தை ஆறேழு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் ஒரே ஒரு கருத்தைச் சொல்லுமாறு வைப்பதுதான் உழைப்பு.

சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பும், அதற்கு வெகு முன்பே 2003-ல் தொடங்கிய என்பிடெல் ஆன்லைன் பாடத்திட்டமும் இந்த வழியில்தான் போகின்றன: வாராவாரம் பதிவுசெய்த வீடியோ, வாராவாரம் ஒப்படைப்பு, கடைசியில் நேரில் உட்கார்ந்து எழுதும் தேர்வு. என்பிடெல் சான்றிதழ் மதிப்பெண்ணில் ஒப்படைப்புக்கு 25 சதவீதமும் தேர்வுக்கு 75 சதவீதமும் பங்கு. வாரக் கெடு இருப்பதால் மாணவர் பாடத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறார். ‘எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்ட பதிவுகளை யாரும் பார்ப்பதில்லை. பதிவு வழியைத் தேர்ந்தால் கெடுவையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்.

அப்படியானால் நேரலை எதற்கு? கேள்விக்கு, சேர்ந்து கணக்குப் போடுவதற்கு, ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பதற்கு. வாரத்துக்கு இரண்டு நேரலை போதும் என்பது என் கருத்து.

இப்போது ஜூமா, மீட்டா. இலவச ஜூமில் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும். இலவச மீட்டில் மூவரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம் கிடைக்கும். இரண்டிலும் 100 பேர் வரை சேரலாம். மீட்டில் நுழைவது எளிது, ஜிமெயில் இருந்தாலே பெரும்பாலும் வேலை முடிந்தது. ஆனாலும் நான் ஜூமையே சொல்வேன். காரணம், இலவசக் கணக்கிலேயே வகுப்பை நான்கைந்து பேர் கொண்ட சிறு அறைகளாகப் பிரிக்க முடிகிறது. இலவச மீட்டில் அது கிடையாது. பெரிய கூட்டத்தில் வாய் திறக்காத பிள்ளை நான்கு பேர் நடுவே பேசும். அதற்காக 20 நிமிடத்தை இழக்கலாம். கல்லூரி சொந்த சர்வர் வைத்திருந்தால் பிக்புளூபட்டனைப் பாருங்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007-ல் வகுப்பறைக்கென்றே பிறந்த கட்டற்ற மென்பொருள் அது. வெள்ளைப்பலகை, வாக்கெடுப்பு, சிறு அறைகள் எல்லாம் உள்ளேயே உண்டு. பராமரிக்க ஆள் இல்லாத கல்லூரி அதில் கைவைக்க வேண்டாம்.

கேமரா ஆன் செய்யச் சொல்லி வற்புறுத்துவது பற்றி ஒரு வார்த்தை. ஒற்றை அறை வீட்டில் பின்னால் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள், சமையல் நடந்துகொண்டிருக்கும். அதை வகுப்பு முழுக்கக் காட்ட எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. தன் முகத்தையே ஓயாமல் பார்ப்பதும், ஓரிடத்தில் அசையாமல் இருப்பதும் எப்படிக் களைப்பு தருகின்றன என்று ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லென்சன் 2021-ல் விரிவாக எழுதினார். மாணவர் வகுப்பில் இருக்கிறாரா என்று அறிய முகம் வேண்டியதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் கையிலிருந்து ஒரு பதில் வந்தால் போதும். அந்தப் பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டும். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை, மூன்று நொடி பொறுத்தாலே விடைகளின் நீளமும் தரமும் கூடுகின்றன என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். நெட்டில் மியூட்டை எடுக்கவே சில நொடிகள் ஆகும். பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள்.

வகுப்புக்கு வெளியே எங்கே கூடுவது என்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. எல்லோரிடமும் வாட்ஸ்அப் இருக்கிறது, அதனால் குரூப் தொடங்கிவிடுகிறோம். அறிவிப்புக்கும் லிங்க் அனுப்பவும் அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் பாடம் நடத்த அது ஏற்றதல்ல. நீங்கள் ஒரு கேள்வி போட்டதும் முதல் பெஞ்சு மாணவி விடை எழுதிவிடுவார். அடுத்து ‘சேம் ஆன்சர் சார்’ என்று முப்பது செய்தி வரும். அவர்களில் எத்தனை பேர் உண்மையில் போட்டுப் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அங்குள்ள வாக்கெடுப்பிலும் யார் எதற்கு வாக்களித்தார்கள் என்பது வழக்கமாக எல்லோருக்கும் தெரியும். தயங்கும் பிள்ளை கூட்டத்தின் பக்கம் சாய்ந்துவிடும். இதைவிடக் கவலை தருவது, சாதாரணக் குரூப்பில் ஒவ்வொரு மாணவியின் எண்ணும் எல்லோர் கையிலும் கிடைப்பது. பெண் பிள்ளைகள் இதனால் படும் தொல்லை ஆசிரியர் காதுக்கு வருவதற்குள் அவர்கள் குரூப்பை விட்டே போயிருப்பார்கள். வாட்ஸ்அப்தான் வேண்டும் என்றால் ‘கம்யூனிட்டி’ அறிவிப்புப் பகுதியைப் பயன்படுத்துங்கள், அங்கே உறுப்பினர் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. டெலிகிராமிலும் எண்ணை மறைக்கலாம். அதில் வினாடி வினா வடிவ வாக்கெடுப்பும் இருக்கிறது. விடையைத் தொட்ட பிறகே சரியா தவறா என்று காட்டும், கூடவே நீங்கள் எழுதிய விளக்கமும் வரும்.

ஒப்படைப்பு வாங்கித் திருத்த கூகுள் கிளாஸ்ரூம் போதுமானது. மாணவர் நோட்டில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புவார், நீங்கள் அதன் மேலேயே திருத்தி அனுப்பலாம், யார் அனுப்பவில்லை என்பது ஒரே பார்வையில் தெரியும். அதில் ‘கேள்வி’ என்று ஒரு வகை உண்டு. தன் விடையை எழுதிய பிறகுதான் மற்றவர் விடை மாணவர் கண்ணில் படும்படி அமைக்கலாம். ‘சேம் ஆன்சர்’ நோய்க்கு அதுதான் மருந்து.

மூடுல் இதைவிட ஆழமானது. ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமாஸ் 2002-ல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். முதல் பாடத்தின் பயிற்சியை முடித்தால்தான் இரண்டாவது திறக்கும் என்று வைக்கலாம். நூறு கேள்வி போட்டு ஆளுக்குப் பத்து மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். அதன் செயலியில் பாடங்களை நெட் இருக்கும்போது இறக்கி, இல்லாதபோது படிக்கலாம். மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு இந்த ஒரு வசதியே மற்ற எல்லாவற்றுக்கும் சமம். சர்வரும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தால், ஒரே பாடத்தை ஆண்டுதோறும் நடத்துபவர் என்றால், மூடுலுக்குப் போங்கள். தனியாகப் பாடம் எடுப்பவருக்குக் கிளாஸ்ரூம் போதும்.

அடுத்தது வினாடி வினா. இதை வகுப்புக் கலகலப்புக்கான இடைவேளையாக நினைக்க வேண்டாம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006-ல் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். ஆகவே மதிப்பெண் போடாவிட்டாலும் அடிக்கடி கேளுங்கள்.

எதில் கேட்பது? நார்வேயில் 2013-ல் வெளிவந்த கஹூட் இசையும் வண்ணமும் தரவரிசையுமாகப் பெரிய உற்சாகம் தரும். ஆனால் அதன் வழக்கமான விளையாட்டில் வேகத்துக்கும் புள்ளி உண்டு. நெட் திணறும் பிள்ளை சரியான விடை தெரிந்தும் கடைசியில் நிற்கும். அதுவும் ஒரே போனில் வகுப்பையும் கஹூட்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். பெங்களூரில் தொடங்கி, குவிசிஸ் என்ற பெயரில் பரவி, 2025-ல் வேகிரவுண்ட் என்று பெயர் மாறிய கருவியில் கேள்வி மாணவரின் திரையிலேயே வரும்; அவரவர் வேகத்தில் போகலாம், கடிகாரத்தை எடுத்துவிடலாம், வீட்டுப்பாடமாகவும் கொடுக்கலாம். எளிய போன் வகுப்புகளுக்கு இதையே எடுங்கள். அதுவும் கனமாக இருந்தால் கூகுள் ஃபார்ம். பகட்டு இல்லை, ஆனால் மோசமான நெட்டிலும் திறக்கும், விடைகள் எல்லாம் அட்டவணையில் வந்து விழும், எந்தக் கேள்வியில் வகுப்பே வழுக்கியது என்று அன்றே தெரியும்.

கருவியைவிடக் கேள்வி முக்கியம். ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் கையாண்ட முறை நேரலைக்கு அப்படியே பொருந்தும். ஒரு கருத்துக் கேள்வி கேட்டு வாக்கெடுங்கள். விடையை உடனே சொல்லாதீர்கள். ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால், சிறு அறைகளுக்கு அனுப்பி, பக்கத்தில் இருப்பவரை உங்கள் விடைக்கு இணங்க வையுங்கள் என்று மூன்று நிமிடம் கொடுங்கள். பிறகு அதே கேள்விக்கு மறுபடி வாக்கு. மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பாதி வகுப்பு பூச்சியம் என்று சொல்லும், மீதி மறுக்கும். வாய் திறக்காதவர்கள் சண்டையிடத் தொடங்குவார்கள்.

பாடத்துக்கே உரிய கருவிகளில் இரண்டைச் சொன்னால் போதும். கணிதத்துக்கு ஜியோஜீப்ரா. அறிவியலுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது. இரண்டும் இலவசம், போன் உலாவியில் ஓடும், ஃபெட்டின் பல செயல்விளக்கங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. ஆசிரியர் செய்து காட்டிவிட்டு விட்டுவிடக் கூடாது. மின்தடையை மாற்றினால் மின்னோட்டம் என்ன ஆகும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு மாணவரையே நகர்த்திப் பார்க்கச் செய்யுங்கள்.

குறிப்புகளை யூனிகோடில் தட்டெழுதுங்கள். பக்கங்களை வெறுமே போட்டோ எடுத்த பிடிஎஃப்பைப் பார்வையற்ற மாணவரின் போன் வாசித்துக் காட்டாது. பாமினி போன்ற பழைய எழுத்துரு கோப்புகள் அந்த எழுத்துரு இல்லாத போனில் புரியாத குறியீடுகளாகத் தெரியும்.

கடைசியாக, கருவியின் ஆயுளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எட்மோடோ 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. மாணவர்கள் பேசிப் பதிவு அனுப்பிய ஃபிலிப்பின் தனிச் செயலியை மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலையில் நிறுத்தியது. கூகுளின் ஜாம்போர்டு அதே ஆண்டின் இறுதியோடு போனது. லட்சக்கணக்கான ஆசிரியர்கள் நம்பியிருந்த கருவிகள் இவை. கேள்வித்தாளையும் மதிப்பெண் பட்டியலையும் வெளியே இறக்கிக்கொள்ள விடாத கருவியில் ஓர் ஆண்டு உழைப்பைக் கொட்டாதீர்கள். கேள்விகளை முதலில் உங்கள் கணினியில் ஒரு விரிதாளில் எழுதி, அங்கிருந்து கருவிக்கு ஏற்றுங்கள். வீடியோக்களின் மூலப்படியை ஒரு ஹார்டு டிஸ்கில் வைத்திருங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ன் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். புதுக் கருவி ஒன்றில் பிள்ளைகளின் பெயரையும் எண்ணையும் ஏற்றுவதற்கு முன் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு பருவத்துக்கு மூன்று கருவிகளுக்கு மேல் வேண்டாம்: சந்திக்க ஒன்று, ஒப்படைக்க ஒன்று, கேள்வி கேட்க ஒன்று. முதல் வாரத்தில் பாடம் எதுவும் நடத்தாமல் அந்த மூன்றிலும் எல்லோரும் உள்ளே வர முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். வர முடியாதவர்களைப் போனில் கூப்பிட்டு, எங்கே சிக்குகிறது என்று கேளுங்கள்.